வெறும் புறாவின் இறகு

ஒரு பொருள் எங்கும் தாராளமாகக் கிடைக்கிறது என்பதனால் அதன் பெறுமதி குறைந்து விடுகிறதா? சந்தையில் இக்கேள்விக்கு விடை இலகுவானது. மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பானுக்குக் கூட விலை இறங்கத்தான் செய்யும். மலிந்தது விலை குறைவது வியாபார நியாயம். ஆனால் இந்த நியாயத்தை நாம் சந்தையோடு நிறுத்திக் கொள்வதில்லை. உயிர்களிடத்தும் சக மனிதரிடத்தும் கொண்டு போய் விடுகிறோம். அது சரியா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் விடயம். இதற்கு எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக் கொள்வது மிக அற்பமானதாகத் தோன்றும் ஒன்று: நிலத்திலே கிடக்கும் ஒரு புறாவின் இறகு.

வால்தம்ஸ்டோவில் வாழும் எமது குடும்பங்களுக்கு இது அன்றாடக் காட்சி. ஹோ ஸ்ட்ரீட் நடைபாதையிலும், சந்தைத் தெருவிலே கடைகள் கட்டிய பின்னரும், லொயிட் பூங்காவின் புற்றரையிலும் சாம்பல் நிற இறகுகள் கிடக்கும். சிறு பிள்ளை ஒன்று அதைக் குனிந்து எடுத்து, “இது எந்தப் பறவையின் இறகு?” என்று கேட்கும். பெரியவர்களாகிய நாம் வழக்கமாகச் சொல்லும் விடை இரண்டு. ஒன்று, “சீ, அழுக்கு, கீழே போடு.” மற்றது, “அது வெறும் புறா.” முதலாவது சுகாதாரம் பற்றியது, கையைக் கழுவினால் அந்தப் பிரச்சினை தீர்ந்து விடும். இரண்டாவதுதான் சிந்திக்க வேண்டியது. அந்த விடையில் உள்ள “புறா” என்ற சொல் பறவையைப் பற்றியது. “வெறும்” என்ற சொல் யாரைப் பற்றியது?

மயிலிறகும் புறா இறகும்

எம்மில் பலர் சிறு வயதில் பாடப் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்திருந்தோம். அது குட்டி போடும் என்று நம்பினோம். யாரும் பார்க்காத வேளையில் மெல்லத் திறந்து பார்ப்போம். அந்த இறகுக்கு எமது வீடுகளில் மதிப்பு இருந்தது. முருகனுடைய வாகனத்தின் இறகு அல்லவா! ஆனால் புறா இறகை எவரும் புத்தகத்தில் வைக்கவில்லை. கோயில் மணிக் கோபுரத்திலே புறாக்கள் குடியிருந்தன. பூசை மணி அடித்தவுடன் அவை படபடவென்று எழுந்து வீதியைச் சுற்றி வந்து மீண்டும் அமரும். அந்தச் சத்தம் இன்றும் எமது காதுகளில் நிற்கிறது. ஆயினும் அவற்றை நாம் நின்று பார்த்ததில்லை.

தமிழ் அப்பறவையை மாடப்புறா என்று அழைக்கிறது. மாடங்களில் வாழ்வதால் வந்த பெயர். இயற்கையில் இது கடலோரப் பாறைகளிலும் மலை முகடுகளிலும் கூடு வைக்கும் பறவை. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலும் அயர்லாந்தின் கரையிலும் அதன் காட்டு இனம் இன்றும் பாறைகளில் வாழ்கிறது. மனிதன் இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் பின்னர் தூதுக்காகவும் அதனைப் பிடித்து வளர்த்தான். இந்நாட்டில் மத்திய காலத்துப் பிரபுக்களும் மடாலயங்களும் கல்லால் கட்டிய புறாக் கூடுகளை வைத்திருந்தார்கள். அங்கிருந்து தப்பியவையும், பிற்காலத்தில் பந்தயத்துக்கு விடப்பட்டு வீடு திரும்பாதவையும் நகரத்தின் கட்டட விளிம்புகளைப் பாறை என்று கொண்டு குடியேறின. இன்று வால்தம்ஸ்டோவின் ரயில் பாலத்தின் அடியில் அமர்ந்திருக்கும் புறா அந்த வழித்தோன்றல். அது தானாக வந்து தொல்லை கொடுக்கும் பறவை அன்று. மனிதர் கொண்டு வந்து, பயன்படுத்தி, பின்னர் வேண்டாம் என்று விட்ட பறவை.

இறகிலிருந்து பறவைக்கு

கண்ணால் காணாத ஒன்றை, காணும் ஓர் அடையாளத்தைக் கொண்டு அறிவது எப்படி? இது எமது தத்துவ நூல்களின் பழைய வினா. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அறிவு பெறும் வழிகளை “அளவை” என்ற தலைப்பில் எடுத்துக் கூறி, பலவாகச் சொல்லப்படும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. மணிமேகலையின் 27ஆவது காதையில் கருதல் அளவை மேலும் பகுக்கப்படுகிறது. காட்டிலே பிளிறல் கேட்டு யானை உண்டு என அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என அறிவது எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யும் என அறிவது முதல்.

இறகைக் கண்டு பறவையை அறிவது இவற்றுள் எச்சத்தோடு சேரும். எச்சம் என்ற தமிழ்ச் சொல்லின் அழகையும் இங்கே நோக்க வேண்டும். விட்டுச் செல்லப்பட்டது எதுவோ அது எச்சம். பறவையின் கழிவும் எச்சம். ஒருவர் விட்டுச் செல்லும் பிள்ளைகளும் புகழும் எச்சம். வள்ளுவர் இச்சொல்லை ஆண்டு, மனிதரின் தகுதி அவர்கள் விட்டுச் செல்வதைக் கொண்டு அறியப்படும் என்ற கருத்தைச் சொன்னது நடுவுநிலைமை என்ற அதிகாரத்தில். எச்சத்தைப் பார்த்து நிதானிப்பவருக்கு முதலில் வேண்டியது நடுவுநிலை என்று நாம் இதிலிருந்து எடுத்துக் கொள்ளலாம்.

இனி அந்த இறகை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அது உடலின் எந்தப் பகுதிக்குரியது என்று கேட்க வேண்டும். அடிப்பாகம் பஞ்சு போலவும் உருவம் சிறிதாகவும் இருந்தால் அது உடல் இறகு. தண்டு உறுதியாகவும், தண்டின் ஒரு பக்கம் ஒடுங்கியும் மறு பக்கம் அகன்றும் இருந்தால் அது பறப்பதற்கான சிறகு இறகு. ஒடுங்கிய பக்கம் காற்றைக் கிழித்துச் செல்லும் முன் பக்கம். இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் வாலின் நடு இறகாக இருக்கலாம்.

அடுத்து நிறம். மாடப்புறாவின் சிறகு இறகு பெரும்பாலும் சாம்பல். நுனியை நோக்கிக் கருமை கூடும். வால் இறகின் நுனிக்கு அருகில் ஒரு கரும்பட்டை இருக்கும். வாலின் இரு ஓரத்து இறகுகளில் வெளி விளிம்பு வெண்மையாக இருப்பதும் உண்டு. இந்நகரத்தில் அதற்கு உறவினர் வேறும் உள்ளனர். உடல் பெருத்து, கழுத்தில் வெள்ளைத் திட்டுடன் தோட்டங்களில் உலாவும் மரப்புறாவின் சிறகு இறகு இன்னும் கருமை. அதன் முன் விளிம்பில் மெல்லிய வெண்கோடு ஓடும். வாலின் கரிய நுனிக்கு மேலே வெளிறிய பட்டை ஒன்று தெரியும். மெலிந்த உடலும் கழுத்தில் கரிய வளையமும் உடைய கள்ளிப்புறாவின் வால் இறகோ நுனிப் பக்கத்தில் அகலமாக வெளுத்திருக்கும்.

இந்தக் கள்ளிப்புறாவைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னார்ப் பக்கத்து வறண்ட கரையிலும் தமிழகத்தின் முட்காடுகளிலும் நாம் கண்ட அதே பறவைதான் இது. ஆசியப் பக்கத்திலிருந்து ஐரோப்பா முழுவதும் படிப்படியாகப் பரவி, இங்கிலாந்தில் முதன்முதலாக 1955இல் நோர்போக் கரையில் கூடு வைத்தது. இன்று இந்நாட்டுப் பறவை என்றே எல்லோரும் கொள்கிறார்கள். எவரும் அதனிடம் விசா கேட்கவில்லை!

மூன்றாவதாகத் தண்டின் அடி. முழுமையாக, சுத்தமாக இருந்தால் இறகு இயல்பாக உதிர்ந்ததாகவோ, வல்லூறு போன்ற பறவை பிடுங்கியதாகவோ இருக்கலாம். தண்டு கடித்து நறுக்கியது போல் இருந்தால் பூனையோ நரியோ காரணம். ஓர் இறகு மட்டும் கிடந்தால் பெரும்பாலும் துன்பக் கதை எதுவும் இல்லை. புறா தன் சிறகு இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்ப்பதில்லை. இரு சிறகிலும் ஒத்த இடத்தில் ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிது வளர்த்துக் கொள்கிறது. பறத்தல் ஒரு நாளும் தடைப்படாது. பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பெறுவதற்கு இதைவிட ஒழுங்கான முறை உண்டா?

இத்தனையும் பார்த்த பிறகும் ஐயம் மிஞ்சலாம். நகரத்து மாடப்புறாவில் சாம்பல், கருமை, செம்பழுப்பு, வெண்மை, புள்ளி என எல்லா நிறமும் கலந்து வரும். முழு வெள்ளை இறகு புறாவுடையதாகவும் இருக்கலாம், கடற்காகத்தினதாகவும் இருக்கலாம். அந்தி நேரத்தில் தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என்று மயங்குவதை எமது நூலாசிரியர்கள் ஐயக் காட்சி என்றார்கள். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்து விடுவதைத் திரிபுக் காட்சி என்றார்கள். ஐயம் குற்றமன்று, அது இன்னும் பார் என்று சொல்லும் நிலை. திரிபுதான் ஆபத்து, ஏனெனில் அது பார்ப்பதை நிறுத்தி விடுகிறது. இன்னும் பார்க்காமலே “வெறும்” என்று முடிவு கட்டுவதும் ஒரு திரிபே என்பது எமது கருத்து.

இறகைச் சரியாக அடையாளம் காண்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு பயணிகள் விமானம் புறப்பட்ட சில வினாடிகளில் நீரில் வீழ்ந்தது. அதிலிருந்த 72 பேரில் 62 பேர் மாண்டனர். இயந்திரங்களுக்குள் இறகுத் துணுக்குகள் அகப்பட்டன. அவற்றை ஆராய ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த றொக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார் அழைக்கப்பட்டார். அவர் கண்ட விடை, ஸ்டார்லிங். கைக்குள் அடங்கும், எங்கும் கூட்டமாகத் திரியும், எவரும் பொருட்படுத்தாத சாதாரணப் பறவை. இறகின் அடியிலுள்ள பஞ்சு இழைகளை நுண்காட்டியில் பார்த்து இனம் பிரிக்கும் கலையை அவர் ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தார். விமான இயந்திரங்கள் பறவை மோதலைத் தாங்குமா என்று சோதிக்கும் முறைகள் வளர்வதற்கு இத்தகைய ஆய்வுகள் வழி வகுத்தன. “ஏதோ ஒரு பறவை” என்று விட்டிருந்தால் எத்தனை உயிர்கள் மேலும் போயிருக்கும்!

பெறுமதியை வைப்பது யார்?

ஒரே பறவையின் மதிப்பு மனிதர் கையில் எப்படியெல்லாம் ஏறி இறங்கியது என்பதைப் பார்த்தால் “வெறும்” என்ற சொல் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் வட கடலில் வீழ்ந்த பிரித்தானிய விமானம் ஒன்றிலிருந்து விங்கி என்ற பெண் புறா தப்பிப் பறந்தது. எண்ணெய் படிந்த சிறகுடன் ஏறத்தாழ 120 மைல் பறந்து ஸ்கொட்லாந்திலுள்ள தன் கூட்டை அடைந்தது. அது வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு விமானம் விழுந்த இடத்தைக் கணித்து நான்கு வீரர்களையும் காப்பாற்றினார்கள். மிருகங்களின் வீரத்துக்காக மரியா டிக்கின் அம்மையார் 1943இல் ஏற்படுத்திய பதக்கம் முதலில் வழங்கப்பட்ட பறவைகளில் விங்கியும் ஒன்று. 1949 வரை அப்பதக்கம் பெற்ற 54 உயிர்களில் 32 புறாக்கள்.

அதே போர்க்காலத்தில், 1940இல், தூதுப் புறாக்களைக் கொன்று விடும் என்பதற்காகக் கரையோர வல்லூறுகளை அழிக்க அரசு ஆணையிட்டது. புறா வீரன், வல்லூறு எதிரி. இன்று நிலைமை தலைகீழ். வல்லூறு சட்டத்தினால் காக்கப்படும் பெருமைக்குரிய பறவை. இலண்டனின் உயர்ந்த கட்டடங்களில் அது கூடு வைத்தால் மக்கள் தொலைநோக்கியுடன் வந்து நிற்கிறார்கள். டேட் மொடேர்ன் கலைக்கூடத்தின் கோபுரத்தில் அதைப் பார்த்தோர் பலர். அந்த வல்லூறு நகரத்தில் உண்டு வாழ்வது பெரும்பாலும் எதை? நாம் வெறும் என்று சொல்லும் புறாவைத்தான்.

ட்ரபல்கார் சதுக்கத்தையும் மறக்க முடியாது. 1980களிலும் 90களிலும் இந்நகருக்கு வந்த எம்மவர் பலர் ஊருக்கு அனுப்பிய முதற் புகைப்படங்களில் தலையிலும் கையிலும் புறாக்கள் அமர்ந்திருக்கும். ஊரிலே அம்மம்மா அதை அயலவர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்திருப்பார். 2003இல் அங்கே புறாவுக்குத் தீனி போடுவது தடை செய்யப்பட்டது. தடைக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் தடைக்கு முன்னரும் பின்னரும் பறவை ஒன்றுதான். மாறியது நாம் வைத்த விலை.

சாதாரணத்தை உற்று நோக்கியவர்கள் கண்டது என்ன? சார்ள்ஸ் டார்வின் 1855இல் தம் வீட்டில் புறா வளர்க்கத் தொடங்கினார். இலண்டனின் இரண்டு புறா வளர்ப்போர் கழகங்களில் சேர்ந்து, சாதாரண மனிதர்களோடு உட்கார்ந்து கேட்டறிந்தார். விசிறிவால், கரணமடிக்கும் புறா, கழுத்து ஊதும் புறா ஆகிய எல்லாமே ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்று நிறுவி, 1859இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே அதனை வைத்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர், மற்றவற்றை விட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றாக விற்கும் என்று பதிப்பாளருக்கு ஆலோசனை சொன்னாராம்!

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எமது வால்தம்ஸ்டோவில் 1834இல் பிறந்தவர் வில்லியம் மொரிஸ். லொயிட் பூங்காவில் அவர் சிறுவனாக வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரால் கலைக்கூடமாக இருக்கிறது. தம் நாட்டுப்புற வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ரோபெரிப் பழங்களைத் திருடித் தின்ற திரஷ் என்னும் சாதாரணப் பறவைகளை வைத்து அவர் 1883இல் ஒரு துணி வடிவத்தை வரைந்தார். அதற்கு “ஸ்ட்ரோபெரித் திருடன்” என்றே பெயரிட்டார். அது இன்றும் உலகமெங்கும் விற்பனையாகிறது. அப்பறவை அரியதன்று. பார்த்த கண் அரியது.

சில ஆட்சேபணைகள்

இவ்விடத்தில் வாசகர்கள் சிலர் கேட்கக் கூடும்: “புறாவினால் எத்தனை தொல்லை! கட்டடம் பாழாகிறது, நோய் பரவுகிறது. அதைப் போற்றச் சொல்கிறீர்களா?” போற்றச் சொல்லவில்லை. புறா எச்சம் கல்லையும் உலோகத்தையும் அரிக்கும். காய்ந்த எச்சத்தின் தூசு சுவாச நோய் தரலாம். கோயிலாயினும் வீடாயினும் முறையாக வலை கட்டிச் சுத்தமாக வைத்திருப்பது கடமை. கட்டுப்பாடில்லாமல் தீனி கொட்டுவது ஜீவகாருண்யம் ஆகாது. அது கூட்டத்தைப் பெருக்கி நோயையும் பெருக்கும். ஆனால் ஒன்றைத் தூரத்தில் வைப்பது வேறு. இழிவாக எண்ணுவது வேறு. முன்னையதற்கு வலை போதும். பின்னையதற்கு எமது பிள்ளைகளின் மனம் விலையாகிறது.

இன்னொரு ஆட்சேபணை இதைவிட வலுவானது. “அறிந்தால் அன்பு வந்து விடுமா? இறகைக் கண்டு பறவையைச் சொல்வதில் வேடனை மிஞ்ச ஆள் உண்டா? அவன் அன்புடையவனா? மறுபுறம், சிபிச் சக்கரவர்த்தி தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறா என்ன இனம் என்று விசாரித்தா தன் தசையை அரிந்து கொடுத்தான்?”

இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. சிபியின் கதை எமக்கு உரிமையான கதை. சோழர் தம்மைச் சிபியின் வழியினர் என்று கொண்டு செம்பியன் எனப் பெயர் பூண்டனர். புறநானூற்றிலும் அக்கதை பேசப்படுகிறது. தராசின் ஒரு தட்டில் புறா. மறு தட்டில் அரசனின் தசை. எவ்வளவு அரிந்து வைத்தும் தட்டு சமனாகவில்லை. இறுதியில் அரசன் தானே ஏறி அமர்ந்த போதுதான் சமனாயிற்று. ஓர் உயிருக்கு ஓர் உயிரே நிகர் என்பது அதன் பொருள். பேகன் போர்வை கொடுத்தது அழகான மயிலுக்கு. சிபி உடலைக் கொடுத்ததோ பெயரும் சிறப்பும் இல்லாத ஒரு புறாவுக்கு. “வெறும்” என்ற சொல்லுக்கு அந்தத் தராசிலே இடமில்லை.

ஆம், ஆபத்து வேளையில் அருளுக்குப் பெயர் தேவையில்லை. வேடனின் அறிவு அருளாகி விடுவதுமில்லை. ஆனால் எமது வாழ்க்கையின் பெரும்பகுதி ஆபத்து வேளை அன்று. புறா எமது மடியில் வந்து விழுவதில்லை. தினமும் பஸ் தரிப்பிடத்தில் காலடியில் திரிகிறது. நாம் பார்க்காமல் தாண்டிப் போகிறோம். அலட்சியம் இப்படிச் சாதாரண நாட்களில்தான் சிறிது சிறிதாக வளர்கிறது. சாதாரண நாட்களில் பார்த்துப் பழகாத கண், ஆபத்து வேளையில் மட்டும் திடீரென்று திறந்து கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் என்ன? அறிவு அருளுக்கு ஈடாகாது. ஆயினும் கவனம் அருளுக்கு வாசற்படி.

“இவை ஏராளமாக உள்ளன, நாம் கவனிக்காவிட்டால் என்ன?” என்பாருக்கும் ஒரு விடை உண்டு. வட அமெரிக்காவில் பயணிப் புறா என்றோர் இனம் இருந்தது. கோடி கோடியாகப் பறந்து மணிக்கணக்கில் வானத்தையே மறைத்த பறவை. எவ்வளவு சுட்டாலும் முடியாது என்று எண்ணிச் சுட்டார்கள். பெட்டி பெட்டியாக ரயிலில் ஏற்றினார்கள். அதன் கடைசிப் பறவை மார்த்தா, சின்சினாட்டி மிருகக் காட்சிச்சாலையில் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி இறந்தது. அதன் பின் அந்த இனத்தின் ஓர் இறகு கிடைத்தாலும் அது நூதனசாலைப் பொருள். இந்நாட்டிலும் டேர்ட்டில் புறா எனப்படும் சிறு புறா 1970களிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்து போய் விட்டது. இலண்டன் தெருக்களில் மலிந்திருந்த சிட்டுக்குருவிகள் 1990களில் வெகுவாகக் குறைந்தன. மலிவு என்பது ஒரு பொருளின் குணமன்று. அது நாம் அதைச் சந்திக்கும் தடவைகளின் எண்ணிக்கை மட்டுமே.

அடையாளம் காட்டுதலும் காணுதலும்

அடையாளம் என்ற சொல்லை எமது சமூகம் இலேசாகக் கேட்பதில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அங்கே ஒருவரின் பெயரும் பிறந்த ஊரும் வாசிக்கப்பட்டது, அவர் யார் என்று அறிவதற்காக அல்ல. எந்த வரிசையில் நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்காக. இந்நாட்டில் அந்த அச்சம் இல்லை. ஆனால் இங்கும் படிவங்களில் “வேறு ஆசியப் பின்னணி” என்ற கட்டத்தில் அடையாளமிடும் இலங்கைத் தமிழர் பலர் உள்ளனர். எமது மொழி, ஊர், தாத்தாவின் தொழில், அப்பப்பாவின் பாட்டு எல்லாம் அந்த ஒரு கட்டத்துள் அடங்கி விடுகின்றன. பல பள்ளிக்கூடங்களில் எமது பிள்ளையின் நீண்ட பெயரை முழுமையாகச் சொல்ல முயலும் ஆசிரியரும் உண்டு. முதல் எழுத்தோடு நிறுத்தி விடுபவரும் உண்டு. முயலும் அந்த ஆசிரியரிடம் பிள்ளைக்கு ஏன் தனிப் பற்று ஏற்படுகிறது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

ஆகவே இரண்டு உண்டு. ஒதுக்குவதற்காக அடையாளம் காட்டச் சொல்வது ஒன்று. அறிவதற்காக அடையாளம் காண முயல்வது மற்றொன்று. முன்னையது கட்டத்தில் போட்டவுடன் முடிந்து விடும். பின்னையது பெயரில் தொடங்கி மேலும் மேலும் போகும். “மாடப்புறா” என்று பிள்ளைக்குச் சொல்லி, எங்கிருந்து வந்தது, எப்படிப் பறக்கிறது, ஏன் இறகை உதிர்த்தது என்று பேசுவது பின்னைய வகை. “வெறும் புறா” என்பது முன்னைய வகை. எம்மை எந்த வகையில் பிறர் பார்க்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அந்த வகையில் நாம் பிறவற்றைப் பார்க்கப் பழக வேண்டாமா? “வெறும் துப்புரவுத் தொழிலாளி”, “வெறும் அகதி”, “வெறும் கிழவி” என்ற பேச்சுக்களும் அதே சொல்லில்தான் தொடங்குகின்றன. நாம் பிறரிடம் கேட்டு மனம் நொந்த சொல்லை எமது பிள்ளைகள் வேறொருவர் மீது சொல்லப் பழகுவார்களாயின், நாம் இந்நாட்டில் பெற்ற அனுபவத்தினால் என்ன பயன்?

நாம் செய்யக் கூடியது

பெரிய முயற்சி வேண்டியதில்லை. 2017இல் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்ட வால்தம்ஸ்டோ ஈரநிலம் பத்து நீர்த்தேக்கங்களோடு எமது வாசலிலேயே இருக்கிறது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். அரிய பறவைகளைத் தேடிப் பார்க்கட்டும். ஆனால் போகும் வழியில் பாலத்தடியில் இருக்கும் புறாவையும் இரண்டு நிமிடம் நின்று பார்க்கட்டும். கழுத்திலே பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னுவதைப் பார்க்கட்டும். இறகு ஒன்று கிடந்தால் இழைகளைச் சற்றுப் பிரித்து, பின் விரலால் அடியிலிருந்து நுனிக்கு நீவிப் பார்க்கட்டும். பிரிந்த இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று கோத்துக் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் செய்யும் வேலை அது. பார்த்து முடிந்ததும் இறகை அங்கேயே வைத்து விட்டுக் கையைக் கழுவிக் கொள்ளட்டும்.

பிள்ளைகளோடு தமிழில் பேசுவதற்கு விடயமில்லை என்று குறைப்படும் பெற்றோருக்கும் இது ஒரு வழி. இறகு, சிறகு, தண்டு, இழை, மாடப்புறா, மரப்புறா, கள்ளிப்புறா, எச்சம் என்று எத்தனை சொற்கள் ஒரே மாலையில் வாய்க்கு வந்து விடுகின்றன! அப்பப்பா, அம்மம்மாவுக்கும் அங்கே சொல்வதற்கு நிறைய இருக்கும். ஊரில் புறாக்கூடு வைத்திருந்த கதை ஒன்றாவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும்.

இறகை வைத்துப் பறவையை அறிய முயலும் பிள்ளை ஒரு நாள் ஒரு சிறு அடையாளத்தை வைத்து மனிதரையும் அறிய முயலும். அவசரப்படாமல், ஐயத்தை மறைக்காமல், பார்க்காததைச் சொல்லாமல் முயலுமாயின் அதுவே நடுவுநிலை. அரியதை மதிப்பதற்கு எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை. எங்கும் காண்பதை மதிக்கக் கற்றவரே உயிர்களை மதிக்கக் கற்றவர். எமது பிள்ளைகள் அத்தகையோராக வளர எல்லோரும் முயல்வோமாக.